தண்ணிக்காரரு பங்கு

இல்ல பாப்பா, தப்பா எடுத்துக்காத. இந்தக் கேன்ல இருக்கறத மட்டும் கேக்காத. ஒரு வாய்தான்னு நீ சொல்றது காதுல வுழாம இல்ல. ஒரு வாயும் முடியாது. மூஞ்சத் திருப்பிக்காத, இரு, பஸ்சு எடுக்கறதுக்குள்ள பாக்கெட் தண்ணிக்காரன் வருவான். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுல எது இல்லன்னாலும் அவன் இருப்பான். அதோ வரான் பாரு. இந்தாப்பா, இங்க ஒண்ணு குடு. இல்ல, ரெண்டா குடு, அடியில சில்லுன்னு கெடக்கறதா பாத்து எடு. காசு நான் குடுக்கறேன், நீ பைய மூடு. இல்லன்னு சொன்னவ நானு, நாந்தான் வாங்கித் தரணும். ஓரமா கடிச்சிக் குடி. நடுவுல கடிச்சன்னா மொத்தமும் சுடிதார் மேலதான் போவும்.

ம். இப்பத்தான் கண்ணுல உசுரு வருது. கத்திரி வெயில்ல தண்ணி இல்லாம கெளம்பலாமா? படிச்ச புள்ளதான நீ. எனக்கு வேணாம், இன்னொண்ணையும் நீயே வெச்சிக்க. வழியில தவிக்கும்.

கேன்ன கீழ வெக்கலாம்தான், எடம் இருக்கு. வெக்க மாட்டேன். அடியிலேர்ந்து சூடு ஏறும். அதான் ஈரச்சாக்கு சுத்தி மடியில வெச்சிருக்கேன். பொடவ நனையுதுன்னா நனையட்டும், இன்னிக்கி யாரு என்னைய பாக்கப் போறா? உம்மேல ஈரம் பட்டா சொல்லு, தள்ளி ஒக்காந்துக்கறேன்.

நீ எங்க, கடலூரா? ஓ, வேலைக்கி நேர்ல வரச் சொல்லியிருக்காங்களா. நல்லபடியா கெடைக்கட்டும். நான் உனக்கு முன்னாடியே சிப்காட்டுல எறங்கிடுவேன். அங்கேர்ந்து உள்ள நடக்கணும். இது எங்க வூட்டுக்காரருக்கு. கிள்ளைக்கு கெழக்கால சவுக்குத் தோப்பு ஒண்ணு, அதுல இருக்கற ஊத்துத் தண்ணி. விடியக்காலம் கெளம்பினவ, இப்பத்தான் திரும்பறேன். பொழுது போறதுக்குள்ள இது அவரு கையில போயி சேரணும். அந்த மனுசன் வாசலப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருப்பாரு. இன்னிக்கி எனக்கு அது ஒண்ணுதான் வேல.

சிரி, சிரி. தண்ணிக்கி பஸ் ஏறி வந்தவள நானும் பாத்ததில்ல. எங்க ஊருல தண்ணி இல்லாம இல்ல. போர் தண்ணி மஞ்சளா வரும், வாயில வெச்சா ஒரு வாடை. ஏன்னு கேட்டா ஆளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க. லாரித் தண்ணி வந்தா வரும். குடிக்கறதுக்கு கேன் வாங்கறோம். அது எதுவும் வேணாம்னுட்டாரு. எடுத்தா அந்த ஊத்துல எடு, இல்லன்னா வுட்டுடுன்னாரு. அது அவரு கையால தோண்டுன ஊத்து.

நாங்க சவுக்கு வெட்டற செட்டு. செட்டா இருந்தோம்னு சொல்லணும், இப்ப ஆளுக்கு ஒரு தெசையில கெடக்கறோம். கடலோரமா தோப்பு தோப்பா நிக்குமே, அத காகித மில்லுக்கும் பந்தலுக்கும் வெறகுக்கும் வெட்டி லாரியில ஏத்தி வுடறது. எங்க மேஸ்திரி சடையப்பன் ஒரு தோப்ப பேசி முடிச்சார்னா எங்கள கூட்டிக்கிட்டு போயி அங்கயே எறக்கி வுட்டுடுவாரு. படுதா கட்டிக்கிட்டு டேரா. சட்டி பானை, கைப்புள்ள, கோழி, எல்லாம் கூடவே வரும். தோப்பு முடியற வரைக்கும் அதான் வூடு. கரண்டு கெடையாது, கொழா கெடையாது. சுத்தி மணலு. போயி எறங்குனதும் மத்தவன்லாம் எங்க படுக்கறதுன்னு எடம் தேடுவான். எங்க வூட்டுக்காரரு தண்ணி தேடுவாரு.

அவரும் மொதல்ல வெட்டுனவருதான். ஒரு மரம் சாஞ்சி தோள்பட்ட போயிடுச்சி, அப்புறம் அருவா ஓங்க முடியல. நீ தண்ணிய பாத்துக்க கொளஞ்சின்னுட்டாரு மேஸ்திரி. கொளஞ்சியப்பன்னு பேரு. நான் சொல்லக்கூடாது, சொல்லிட்டேன், போவட்டும். ஆசுபத்திரியில கத்திக் கத்தி கூப்புட்டு ஊருக்கே தெரிஞ்ச பேருதான இப்ப. செட்டுல யாரும் பேரு சொல்ல மாட்டாங்க, தண்ணிக்காரருன்னுதான் கூப்புடுவாங்க.

ஐய, லேசான வேலையா அது? சைக்கிள்ல ரெண்டு பக்கமும் கொடம் கட்டுவாரு. மணலுல மிதிக்க முடியுமா, தள்ளித்தான் வரணும். கொடத்து வாயில ஒரு கொத்து வேப்பந்தழ போட்டு வெப்பாரு. அது மெதந்துக்கிட்டு கெடந்தா தண்ணி அலம்பாது, சிந்தாது. அப்புறம் ஓட்ட டிவிஎஸ் ஒண்ணு வாங்கி எண்ணெ கேனா கட்டித் தொங்க வுட்டாரு. கேன் வாங்குனா மொத வேல மூடியத் தொறந்து மோந்து பாப்பாரு. உள்ள மணலும் புளியும் போட்டு குலுக்கு குலுக்குன்னு குலுக்குவாரு. பொண்ணு பாக்கப் போனப்பகூட என்னைய அவ்ளோ உத்துப் பாத்திருக்க மாட்டாரு. வாட போவலன்னா தூரப் போட்டுடுவாரு. எங்க ஊரு பக்கம் பழைய நீல டிரம்மு மலிவா கெடைக்கும், நான் கேட்டுக்கூட பாத்தேன். உள்ள என்னா இருந்துச்சோ, எவன் கண்டான், கைப்புள்ளைங்க குடிக்கற தண்ணின்னு தொடவே மாட்டேன்னுட்டாரு. புது டிரம்மா வாங்கித்தான் கொண்டாந்தாரு.

அந்த டிரம்ம மர நெழல்ல கழுத்து வரைக்கும் மணலுல பொதச்சிடுவாரு. வாயில வேட்டித்துணி, மேல ஈரச்சாக்கு. மத்தியானத்துல மொண்டு குடிச்சன்னா பல்லு கூசும். ஃபிரிஜ்ஜி தோத்துச்சி போ.

அளக்கறது நானு. ஒரு அலுமினிய லோட்டா, காது ஒடஞ்சது, அதுதான் அளவு. வெட்டறவங்களுக்கு இவ்ளோ, சோத்து ஒலைக்கி இவ்ளோ, கைப்புள்ளக்காரிக்கு ஒரு லோட்டா ஜாஸ்தி. டிரம்முக்குள்ள கைய வுட்டா அடிப்பேன், மேஸ்திரியா இருந்தாலும். என்னா புஷ்பவள்ளி, தண்ணிய தங்கமாட்டம் அளக்கறியேன்னு கிண்டல் பண்ணுவாரு. நீங்க போயி ஒரு கொடம் தள்ளிக்கிட்டு வாங்க, அப்புறம் பேசுங்கன்னுவேன்.

செட்டுல ஒரு பழக்கம் உண்டு. தண்ணி கொண்டாறவன் கடசியாத்தான் குடிக்கணும். வழியிலயே குடிச்சிட்டு கொறச்சி கொண்டாந்துட்டான்னு ஒரு பேச்சு வந்துடக் கூடாது பாரு, அதுக்கு. எல்லாரும் குடிச்சி முடிச்சப்புறம் அடியில இருக்கறது அவனுக்கு. எல்லா செட்டுலயும் உள்ளதுதான், பேருக்கு இருக்கும். மத்தவன்லாம் ஊத்தாண்ட வயிறு முட்ட குடிச்சிட்டு வாயத் தொடச்சிக்கிட்டு வருவான். எங்க வூட்டுக்காரரு அத நெசம்னு புடிச்சிக்கிட்டாரு. சுத்தி ஒரு காக்கா கூட இருக்காது, குனிஞ்சி மொண்டு மொண்டு ஊத்தறாரு, ஒரு கை அள்ளி வாயில வுட்டுக்கிட்டா என்னா? வுட மாட்டாரு. புளியங்கொட்ட ஒண்ண கன்னத்துல ஒதுக்கிக்குவாரு, எச்சி ஊறும்னு. அதோட அந்த வெயில்ல நட, தள்ளு, நட. என் தண்ணிய நாலு பேரு நம்பறான் புள்ள, அது போதும்னுவாரு.

கடசியில அடியில என்னா இருக்கும், நீயே சொல்லு. சில நாளு ஒரு லோட்டா இருக்கும். சில நாளு மணலுதான் இருக்கும்.

குடுக்காமயா இருப்பேன்? என் பங்குல ஊத்துவேன். கைப்புள்ளக்காரிக்கு குடுன்னுவாரு. அவரு கௌரவம் அப்புடி. எனக்கு அந்த கௌரவத்த நெனச்சா இப்பவும் பத்திக்கிட்டு வருது.

பி.முட்லூரா இது? சரி சரி. அந்த ஜன்னல கொஞ்சம் சாத்து, புழுதி.

கிள்ளைத் தோப்புக்கு போனப்ப தண்ணியே இல்ல. எங்க தோண்டுனாலும் உப்பு. ஊருக்குள்ள போயி கேட்டா எங்களுக்கே இல்லன்னுட்டாங்க, அவங்க சொன்னதும் நெசம்தான். செட்டு மூட்ட கட்டிடலாம்னு பேச ஆரம்பிச்சிடுச்சி. இவரு மட்டும் தோப்ப சுத்திச் சுத்தி வந்தாரு. தெக்கு மூலையில ஒரு ஒத்தப் பனை, அதுக்கு அடியில மட்டும் அருகம்புல்லு பச்சையா இருந்துச்சி. ஒக்காந்து ஒரு கையாலயே தோண்டுனாரு, ஒரு தோளுதான் வேல செய்யுமே. இடுப்பளவு பள்ளத்துல கசிஞ்சிச்சி பாரு தண்ணி. இளநி தோத்துச்சி, அவ்ளோ இனிப்பு. செட்டே வந்து சுத்தி நின்னு குடிச்சிச்சி. ஒருத்தி அழுதா. இவரு கரையில ஒக்காந்து எல்லாரும் குடிக்கறத பாத்துக்கிட்டிருந்தாரு. அன்னிக்கி அவரு மூஞ்சி இருந்த மாதிரி நான் அப்புறம் பாக்கல.

சாயந்தரமானா ஒடம்பு வலி. மெடிக்கல்ல மாத்தர வாங்கிப் போட்டுக்குவாரு. டேராவுல எல்லாரும் போடறதுதான், நானும் போட்டிருக்கேன். போட்டா வலி நிக்கும், மறுநாளு எழுந்திருக்கலாம். ஒரு வாட்டி காலு வீங்குச்சி. மணலுல நடந்த வீக்கம்னோம். மூஞ்சி வீங்குச்சி. சதை போட்டிருக்காருன்னு மேஸ்திரி பொண்டாட்டி கண்ணு வேற வெச்சா. மூத்தரம் கொறஞ்சி போச்சின்னு என்கிட்ட கூட சொல்லல அந்த மனுசன். தண்ணி குடிக்கல, அதான்னு அவரே நெனச்சிக்கிட்டாரு.

நீ கண்டுபுடிச்சிட்ட. கிட்னிதான். ரெண்டுமே சுருங்கிப் போச்சின்னுட்டாங்க. வருசக்கணக்கா வெயில்ல காஞ்ச ஒடம்பு, அதுக்கு மேல அந்த மாத்தர, ரெண்டும் சேந்து தின்னுடுச்சின்னாரு டாக்டரு. என்னா வேல பாத்தன்னு கேட்டாரு. தண்ணிக்காரருன்னாரு இவரு. தண்ணியிலயே கெடந்துட்டு தண்ணி குடிக்க மாட்டியாய்யான்னு கேட்டுட்டு சிரிச்சாரு. அவரு மேல தப்பு இல்ல, நல்ல டாக்டருதான். எனக்குத்தான் அந்த சிரிப்ப தாங்க முடியல.

வேற கிட்னி வெக்கறதா? அதெல்லாம் பாத்தாச்சி பாப்பா. என்னுத எடுத்துக்கங்கன்னு நானே போயி நின்னேன். உனக்கு சக்கர இருக்குன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. பொண்ணு வினோதினி நான் குடுக்கறேன்னா, அவரு அவள அடிக்க வந்துட்டாரு. கல்யாணம் ஆவாத புள்ள. அப்புறம் பாண்டிக்கு மெசினுக்கு போயி வந்துக்கிட்டு இருந்தோம். ரத்தத்த வெளிய எடுத்து சுத்தம் பண்ணி உள்ள வுடுது. போயிட்டு வந்தா அன்னிக்கி பூரா பொணம் மாதிரி கெடப்பாரு. மறுநாளு கொஞ்சம் பேசுவாரு. அதுக்கு மறுநாளு திரும்பவும் வீங்கும்.

அதுல பெருசு என்னா தெரியுமா? தண்ணி கூடாது. குடிச்சா வெளிய போவ வழியில்ல, நுரையீரல்ல போயி தேங்கிக்கும், மூச்சு முட்டும். டாக்டரு ஒரு அளவு சொன்னாரு. வூட்டுக்கு வந்து ஊத்திப் பாக்கறேன், என் லோட்டாவுல சரியா ரெண்டு. ஆமா, அதே லோட்டாதான், காது ஒடஞ்சது. காப்பி, ரசம், மாத்தர முழுங்கறது, எல்லாம் அதுக்குள்ள. செட்டுக்கே அளந்த கையி, கடசியில அவரு ஒருத்தருக்கு அளந்துச்சி.

புயலு வந்துச்சே, தானே, அது எங்க பக்கம் ஒரு மரம் பாக்கி வெக்கல. சவுக்கு போச்சி, முந்திரி போச்சி. கொஞ்ச நாளு வுழுந்த மரத்த வெட்டுனாங்க, அப்புறம் வெட்டறதுக்கே ஒண்ணுமில்ல. செட்டு கலஞ்சிடுச்சி. திருப்பூரு, கேரளான்னு போயிட்டாங்க. அதுக்கப்புறம் இந்த கரண்டு. எந்நேரம் போவும், எந்நேரம் வரும்னு தெரியாது. ஃபேனு நிக்கும், தகரக் கூர காயும், அவரு நாக்க வெளிய நீட்டிக்கிட்டு ஒக்காந்திருப்பாரு. தண்ணிப் பானய உள் ரூம்புல வெச்சி பூட்டி சாவிய இடுப்புல சொருகிக்குவேன். வாய் கொப்புளிக்க குடுத்தா எவ்ளோ துப்பறாருன்னு பாப்பேன். குடுத்தது ஒரு வாய், துப்புனது அர வாயா இருக்கும். ஏன்யா முழுங்குனன்னு கேப்பேன். எறங்கிடுச்சி புள்ளன்னுவாரு. ஒரு நாளு கொல்லப்பக்கம் ஆட்டுக்கு வெச்ச கழனித் தண்ணியில வாய வெச்சிட்டாரு. புடிச்சி இழுத்தேன். என்னைய நிமிந்து பாத்தாரு பாரு. ஊருக்கெல்லாம் சுத்தத் தண்ணி குடுத்த மனுசன், பாப்பா.

நீ அழுவாத. அழுது என்னா ஆவப்போவுது. நான் அழுது முடிச்சிட்டேன். அந்தப் பாக்கெட்டக் கடிச்சி ரெண்டு வாய் குடி.

புதுச்சத்திரம் தாண்டிட்டானா? ஓட்டறான் இன்னிக்கி, நல்ல டிரைவரு.

காலையில அந்தத் தோப்புக்கு போனேன்ல, எனக்கு எடமே தெரியல. நாங்க வெட்டுனப்புறம் நட்டதும் புயல்ல வுழுந்து, எடுக்காம வுட்டது மரத்து மேல மரமா, காஞ்சி முள்ளு மாதிரி கெடக்குது. நல்லவேள அந்த ஒத்தப் பனை நின்னுச்சி. அதப் புடிச்சிக்கிட்டு போயி அடையாளம் பாத்து, கெளயெல்லாம் இழுத்துப் போட்டேன். ஊத்து தூந்து போயிருந்துச்சி. கொட்டாங்குச்சியால தோண்டுனேன். நகமெல்லாம் பாரு. இல்லன்னு சொல்லிடுமோன்னு ஒரு பயம் வந்துச்சி எனக்கு, வாழ்க்கையில அப்புடி பயந்ததில்ல. அப்புறம் மெள்ள மெள்ள கசிஞ்சிச்சி. மொதத் தண்ணி கலங்கலு, எறச்சி கொட்டிட்டு ஒக்காந்துட்டேன். தெளியணும்ல. அவரோட பழைய வேட்டிய கிழிச்சி கொண்டு போயிருந்தேன், அதுல வடிகட்டி ஊத்துனேன். கேன்ன முந்தாநாளே புளி போட்டு குலுக்கி, மோந்து பாத்து, வாட இல்லன்னு அவருகிட்டயே குடுத்து மோந்து பாக்கச் சொன்னேன். சரின்னாரு.

இல்ல, நான் குடிக்கல. ஊத்தாண்டயும் குடிக்கல. காலையிலேர்ந்து எதுவும் குடிக்கல. வேணாம், பாக்கெட்ட நீட்டாத. இன்னிக்கி நாந்தான தண்ணிக்காரி.

அதத்தான் கேப்பன்னு தெரியும். கூடாதுன்னா அப்புறம் எதுக்கு கேன் நெறைய, அதான? சாமிக்கா, தலைக்கி ஊத்தவான்னு நெனச்சிருப்ப. குடிக்கத்தான்.

மெசினுக்கு போற முறை வந்துச்சி, போவல. அதுக்கு அடுத்த முறையும் போவல. அதுக்கு முன்னாடியே, ரத்தம் எடுக்க கையில வெச்ச வழி அடச்சிக்கிச்சி, கழுத்துல கொழா போட்டாங்க, அது சீழ் புடிச்சிக்கிச்சி. இனிமே தொடையில போடலாம்னாங்க. அவரு எழுந்து சட்டைய மாட்டிக்கிட்டு, போவலாம் புள்ளன்னாரு. வூட்டுல வந்து ஒக்காந்துதான் சொன்னாரு. போதும், இனிமே என்னைய அங்க கூட்டிக்கிட்டு போவாத. கிள்ளை ஊத்துல ஒரு சொம்பு கொண்டா. அளக்காம குடுன்னாரு. பொண்ணு கத்துனா, காலப் புடிச்சா. நானும் புடிச்சேன். அவரு எங்க ரெண்டு பேரு தலையிலயும் கைய வெச்சிக்கிட்டு, எனக்கு தாகமா இருக்குதுன்னாரு. அவ்ளோதான் சொன்னாரு.

தெரியும் பாப்பா. என்னா ஆவும்னு எனக்கு தெரியும், அவருக்கும் தெரியும். குடிக்காம இருந்தாலும் அதான் ஆவப்போவுது, கொஞ்சம் முன்ன பின்ன. நேத்து ராவெல்லாம் ஒக்காந்துக்கிட்டேதான் மூச்சு வுட்டாரு. அவரு கேட்டது ஒரு சொம்புதான். நாந்தான் கேன் நெறைய மொண்டேன். அளக்காம குடுக்கறேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். இதுல உனக்கு ஒரு வாய் குடுத்துட்டா அப்பவும் அளந்த மாதிரிதான ஆயிடும்? அதான் இல்லன்னேன். மனசுல வெச்சிக்காத.

அதோ சிப்காட் வந்துடுச்சி. நிறுத்துங்க, ஆளு எறங்கணும். நான் கீழ எறங்கிக்கறேன், நீ இந்தக் கேன்ன நீட்டு. அடியில கை குடுத்து தூக்கு, மூடி மேல பாத்து இருக்கணும், சாய்க்காத. அப்புடித்தான். குடு.

செட்டுல எல்லாரும் குடிச்சாச்சி. இனிமே அவரு முறை. அவரு குடிச்சி முடிக்கட்டும், அப்புறம் நான் குடிச்சிக்கறேன்.